கடலில் கரையாத நஞ்சு: மினமாட்டா நிகழ்வு ஆய்வு

முதலில் தள்ளாடியவை பூனைகள். ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் தெற்கே இருக்கும் கியூஷுவில், மினமாட்டா விரிகுடாவை ஒட்டிய மீனவக் குடியிருப்புகளில், 1950-களின் தொடக்கத்தில் பூனைகள் எச்சில் ஒழுகச் சுற்றிச் சுற்றி வந்தன. சுவரில் மோதின. நடக்கத் தெரியாதவை போல் பின்னங்கால் மடங்கி விழுந்தன. சில கடலுக்குள் விழுந்து செத்தன. ஊரார் அதைப் பூனைகளின் ஆட்ட நோய் என்றார்கள். பறந்துகொண்டிருந்த காகங்கள் விழுந்தன. மீன்கள் வயிறு மேலே தெரிய மிதந்தன. 1954 ஆகஸ்டில் உள்ளூர் நாளிதழ் ஒன்றில் ஒரு சிறு செய்தி வந்தது: ஒரு மீனவக் குடியிருப்பில் பூனைகள் ஏறக்குறைய எல்லாமே செத்துவிட்டதால் எலிகள் பெருகித் தொல்லை தாங்கவில்லை என்று மக்கள் முறையிட்டிருந்தார்கள். எலித் தொல்லையாகத்தான் அது பதிவானது. பூனைகள் ஏன் செத்தன என்பதை யாரும் துருவிக் கேட்கவில்லை.

1956 ஏப்ரல் 21 அன்று ஆறு வயதுகூட நிரம்பாத ஒரு சிறுமியை ஊரிலிருந்த தொழிற்சாலையின் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். நடை தடுமாறியது, பேச்சு குழறியது, வலிப்பு வந்தது. இரண்டே நாளில் அவளுடைய தங்கைக்கும் அதே நிலை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் இப்படித்தான் இருக்கிறது என்றார் தாய். மருத்துவர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்தபோது மேலும் பலர் படுத்த படுக்கையாகக் கிடந்தார்கள். மே 1 அன்று, அந்த மருத்துவமனையின் தலைமை மருத்துவர் ஹோசோகாவா ஹாஜிமே, மைய நரம்பு மண்டலத்தைத் தாக்கும் காரணம் தெரியாத நோய் ஒன்று பரவுகிறது என்று பொதுச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தார். மினமாட்டா நோய் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்ட நாளாக அதைத்தான் குறிக்கிறார்கள். அலுவலகக் கோப்பில் அது தொடக்கம். கடலில் அது தொடங்கி அப்போது இருபத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அக்டோபருக்குள் 40 நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள். அவர்களில் 14 பேர் இறந்திருந்தார்கள். தொற்றுநோய் என்று அஞ்சி நோயாளிகளைத் தனிமைப்படுத்தினார்கள், வீடுகளில் கிருமிநாசினி தெளித்தார்கள். தொற்று இல்லை என்று தெரிந்த பிறகும் அந்த ஒதுக்கம் ஒழியவில்லை. நோயாளி இருக்கும் வீட்டில் பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்கினார்கள். நோயை வெளியே சொல்லாமல் மறைத்த குடும்பங்கள் பல. பிற்காலத்தில் எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள் என்று எண்ணுவது இவ்வளவு கடினமானதற்கு இந்த மறைப்பும் ஒரு காரணம்.

தொழிற்சாலையும் விரிகுடாவும்

சிஸ்ஸோ என்று பின்னாளில் பெயர் பெற்ற நிறுவனம் 1908-இல் மினமாட்டாவுக்கு வந்தது. முதலில் உரம், பிறகு பல வேதிப்பொருள்கள். 1932-இல் அசெட்டால்டிஹைடு தயாரிக்கத் தொடங்கியது. அசெட்டிக் அமிலம் முதல் பிளாஸ்டிக்கை இளக்கும் பொருள்கள் வரை பலவற்றுக்கு அதுவே மூலப்பொருள். அசெட்டிலீன் வாயுவைப் பாதரச சல்பேட் கலந்த அமிலக் கரைசலில் செலுத்துவது செய்முறை. பாதரசம் இங்கே வினையூக்கி. வினையூக்கி தான் மாறாமல் வேலையை மட்டும் முடித்துக் கொடுக்கும் என்று பள்ளியில் படிக்கிறோம். ஆலையின் கலனில் அப்படி நடக்கவில்லை. பாதரசத்தில் ஒரு சிறு பங்கு பக்கவினையில், கரிமத்தோடு சேர்ந்த கொடிய நஞ்சான மெத்தில் பாதரசமாக மாறியது. 1951-இல் துணை வினையூக்கியை நிறுவனம் மாற்றியபோது அந்தப் பங்கு கூடியது. உற்பத்தியும் ஏறியது: முதல் ஆண்டில் சுமார் 210 டன், 1960-இல் 45,000 டன்னுக்கு மேல்.

கழிவுநீர் ஹியாக்கென் என்ற வாய்க்கால் வழியாக நேரே விரிகுடாவுக்குள் போனது. வெளிக்கடலின் அலை அதிகம் நுழையாத அமைதியான குடா அது. மீன்கள் முட்டையிட வந்து சேரும் இடம். மீனவர்களுக்கு அது வாழ்வு, நிறுவனத்துக்கு வடிகால். ஒரு காலத்தில் நகரின் வரி வருவாயில் பாதிக்கு மேல் அந்த ஒரே நிறுவனத்திடமிருந்தும் அதன் ஊழியர்களிடமிருந்தும் வந்தது. மீன்வளம் குறைகிறது என்று மீனவர் சங்கம் 1920-களிலேயே முறையிட்டு இழப்பீடு பெற்றிருக்கிறது; 1943-இல் மீண்டும் பெற்றது. 1953-க்கும் 1957-க்கும் இடையில் மீன்பாடு பத்தில் ஒரு பங்காகச் சரிந்தது.

பின்னர் கடலடிச் சேற்றை எடுத்துச் சோதித்தபோது, வாய்க்கால் முகத்தில் ஒரு டன் சேற்றுக்கு இரண்டு கிலோ பாதரசம் இருந்தது. மண்ணிலிருந்து பாதரசம் எடுக்கும் சுரங்கத்தில் கிடைக்கக்கூடிய அளவு அது. மொத்தம் 70 முதல் 150 டன் பாதரசம் கடலில் சேர்ந்திருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

நஞ்சு நடந்த வழி

ஒன்று இருந்த இடம் தெரியாமல் போவதைக் கடலில் கரைத்த பெருங்காயம் என்கிறோம். கழிவைக் கடலில் விடுகிறவர்கள் நம்புவதும் அதைத்தான். தண்ணீர் ஏராளம், நஞ்சு கொஞ்சம், ஆகவே ஒன்றுமில்லை. நீரைப் பற்றி மட்டும் பேசினால் அந்தக் கணக்கு சரி. மினமாட்டாவின் கடல்நீரைக் குடித்து யாரும் நோயுறவில்லை. ஆனால் கடல் வெறும் நீரன்று. அதில் உயிர்கள் இருக்கின்றன. நீர் எதைக் கரைத்துப் பரப்புகிறதோ, அதை உயிர் ஒன்றுதிரட்டிச் சேர்க்கிறது. இந்த நிகழ்விலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

நுண்ணிய மிதவை உயிர்கள் நீரிலிருந்து மெத்தில் பாதரசத்தை உள்வாங்குகின்றன. அவற்றைச் சிறு மீன்களும் சிப்பிகளும் தின்கின்றன. சிறு மீனைப் பெரிய மீன் தின்கிறது. உணவில் வந்த சதையும் கொழுப்பும் எரிந்து ஆற்றலாகிவிடுகின்றன. மெத்தில் பாதரசம் எரிவதில்லை. தசையின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு தங்கிவிடுகிறது. ஒவ்வொரு படியிலும் இப்படிச் சேர்ந்து சேர்ந்து, சங்கிலியின் மேல்நுனியில் இருக்கும் மீனில் நீரில் உள்ளதைப்போல் பத்து லட்சம் மடங்குவரை செறிவு ஏறிவிடும். பாதரசம் தசையிலேயே இருப்பதால் தோலை உரித்தாலும் குடலை அகற்றினாலும் போகாது. சமைத்தாலும் போகாது. மீனின் ருசி மாறாது, நிறம் மாறாது, நாற்றமும் வராது. ஆகவே வலையில் துள்ளிய மீனைப் பார்த்து ஒரு மீனவத் தாய் சந்தேகப்படக் காரணமே இல்லை. உடம்பு தேறட்டும் என்று நோயுற்ற பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் மீன் ஊட்டிய வீடுகள் அங்கே இருந்தன.

மனித உடலுக்குள் போனதும், குடல் அதில் ஏறக்குறைய முழுவதையும் உறிஞ்சிக்கொள்கிறது. உள்ளே வந்ததில் பாதி வெளியேறவே இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அன்றாடம் மூன்று வேளையும் மீன் உண்பவருக்கு, நேற்று வந்தது போவதற்குள் இன்றையது வந்துவிடுகிறது. பாத்திரத்தில் ஓட்டை சிறியது, மேலே திறந்திருக்கும் குழாய் பெரியது.

மூளைக்கு ஒரு காவல் உண்டு. இரத்தத்திலிருந்து வேண்டாதவற்றை உள்ளே விடாத தடுப்பு அது. மெத்தில் பாதரசம் அந்தக் காவலை முட்டித் திறப்பதில்லை; மாறுவேடத்தில் நுழைகிறது. சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு சேரும்போது, மூளைக்கு இன்றியமையாத மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தைப் போலவே அதன் உருவம் ஆகிவிடுகிறது. காவலே அதைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போகிறது.

உள்ளே அது எல்லா இடத்தையும் ஒரேபோல் தாக்குவதில்லை. நடையையும் சமநிலையையும் ஒழுங்குபடுத்தும் சிறுமூளையின் நுண்மணிச் செல்கள், மூளையின் மேலடுக்கான புறணியில் பார்வைக்கு உரிய பகுதி, தொடு உணர்வையும் கேட்கும் திறனையும் ஆளும் பகுதிகள் ஆகியவை அழிகின்றன. நோயாளிகளிடம் கண்ட அறிகுறிகள் ஒவ்வொன்றையும் இந்த இடங்களோடு பொருத்திப் பார்க்கலாம். விரல் நுனிகளும் உதட்டைச் சுற்றியுள்ள தோலும் முதலில் மரத்துப்போகின்றன. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. தூண்டில் கயிறு கையில் இருக்கிறதா என்றே தெரியவில்லை. கண் நன்றாக இருந்தும் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி, குழல் வழியே பார்ப்பதுபோல் ஆகிவிடுகிறது. நடக்கும்போது கால் தன் விருப்பத்துக்குப் போகிறது. சொல் குழறுகிறது. மிகக் கடுமையான பாதிப்பில் உடல் முறுக்கி, நினைவிழந்து, சில வாரங்களில் இறக்கிறார்கள். பூனைகளின் ஆட்டம் என்று ஊரார் பார்த்ததும் சிறுமூளை அழிந்ததன் அடையாளமே. மனிதர்களுக்கு வந்ததும் அதே நோய்தான். பூனைகள் சிறியவை, மீனையே உண்பவை, அதனால் முந்திக்கொண்டன.

எல்லா மீனுக்கும் சான்று கேட்டவர்கள்

மினமாட்டா அமைந்த குமமோட்டோ மாகாணத்திலுள்ள குமமோட்டோ பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு 1956 ஆகஸ்டில் வேலையைத் தொடங்கியது. இது தொற்றன்று, விரிகுடாவின் மீனையும் சிப்பியையும் உண்பதால் ஏற்படும் கன உலோக நச்சு என்று நவம்பரிலேயே அது சொல்லிவிட்டது. எந்த உலோகம் என்பது மட்டும் தெரியவில்லை. ஆலையிலிருந்து போன கழிவில் மாங்கனீஸ், செலீனியம், தாலியம் என்று பலவும் இருந்ததால் ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகத் துரத்தினார்கள். 1957-இல் மினமாட்டா சுகாதார அலுவலகத்தில் பூனைகளுக்கு விரிகுடா மீனை ஊட்டிப் பார்த்தார்கள். அவற்றுக்கும் அதே ஆட்ட நோய் வந்தது.

மீனைத் தடைசெய்ய இதைவிட என்ன வேண்டும்? உணவுச் சுகாதாரச் சட்டத்தின்படி தடை விதிக்கலாமா என்று மாகாண நிர்வாகம் நடுவண் சுகாதார அமைச்சகத்தைக் கேட்டது. 1957 செப்டம்பரில் பதில் வந்தது: விரிகுடாவின் மீன், சிப்பி எல்லாமே நஞ்சேறியவை என்பதற்குத் தெளிவான சான்று இல்லை; ஆகவே சட்டத்தைப் பயன்படுத்த முடியாது.

இந்த நிகழ்வின் ஆவணங்களில் என்னால் எளிதில் கடந்து போக முடியாத இடம் இதுதான். நச்சுப் பொருளின் பெயர் தெரியாவிட்டாலும் நஞ்சு வந்த வழி தெரிந்திருந்தது. ஒரு சமையலறையில் உண்டவர்கள் வாந்தியெடுத்தால், எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்கும்வரை அந்தச் சமையலறையைத் திறந்து வைத்திருப்பதில்லை. இங்கே ஒவ்வொரு மீனும் நஞ்சு என்று நிரூபிக்கச் சொன்னார்கள். எந்தக் கடலிலும் எந்தக் காலத்திலும் நிரூபிக்க முடியாத ஒன்று அது. மீன் பிடிப்பதைத் தாமாகவே தவிர்க்கும்படி மக்களுக்கு அறிவுரை மட்டும் போனது. வேறு பிழைப்பில்லாத வீடுகளில் அறிவுரை உலையில் அரிசியாகாது.

1958 செப்டம்பரில் நிறுவனம் கழிவு வாயை ஹியாக்கெனிலிருந்து மினமாட்டா ஆற்றின் கழிமுகத்துக்கு மாற்றியது. ஆற்று நீரோடு நஞ்சு விரிகுடாவுக்கு வெளியே உள்ள ஷிரானுய் கடலில் விரிந்தது. மாதங்கள் போகப் போகக் கழிமுகத்தின் பக்கத்திலும் அதற்கு அப்பாலுள்ள கரைகளிலும் புதிய நோயாளிகள் தோன்றினார்கள். வாயை மாற்றினால் நோயும் இடம் மாறுகிறது என்பதைவிடத் தெளிவான சான்றை எந்த ஆய்வுக்கூடமும் தந்திருக்க முடியாது. அதற்கு விலையாகப் போனவை மனித உடல்கள்.

1959 ஜூலை 22 அன்று பல்கலைக்கழகக் குழு கரிமப் பாதரசமே, அதாவது மெத்தில் பாதரசம் போன்ற கரிமம் சேர்ந்த பாதரசமே, காரணம் என்று அறிவித்தது. 1937-இல் இங்கிலாந்தில் விதைகளுக்குப் பூசும் மெத்தில் பாதரசத்தைத் தயாரித்த தொழிலாளர்களுக்கு வந்த நோய் 1940-இல் மருத்துவ இதழில் விவரிக்கப்பட்டிருந்தது. மினமாட்டா நோயாளிகளின் அறிகுறிகள் அதனோடு அப்படியே பொருந்தின. தலைமுடியும் பேசியது. மாகாணத்தின் பிற பகுதி மக்களின் முடியில் சராசரியாக 4 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 4 பங்கு) பாதரசம் இருந்தபோது, ஒரு நோயாளியின் முடியில் 705 பி.பி.எம். இருந்தது. இவ்வளவுக்குப் பிறகும், போர்க்காலத்தில் கடலில் கொட்டிய வெடிபொருள்தான் காரணம், அழுகிய மீனில் உண்டாகும் அமீன் என்ற வேதிப்பொருள்கள்தான் காரணம் என்று வேறு கோட்பாடுகள் தொழில்துறையின் ஆதரவோடு முன்வைக்கப்பட்டன. அவை உண்மையாக வேண்டிய தேவையில்லை. காலம் கடத்தினால் போதும்.

400-ஆம் எண் பூனை

ஹோசோகாவா நிறுவனத்தின் ஊழியர். நோயை முதலில் அறிவித்தவரும் அவரே. தன் ஆலையின் கழிவுதான் காரணமா என்று அறிய, ஆலை மருத்துவமனையிலேயே பூனைகளை வைத்துச் சோதித்தார். 1959 ஜூலை 21 முதல் 400 என்று எண்ணிட்ட ஒரு பூனையின் உணவில் அசெட்டால்டிஹைடு பிரிவின் கழிவுநீரை நேரடியாகக் கலந்து கொடுத்தார். அக்டோபர் தொடக்கத்தில் அந்தப் பூனை தள்ளாடியது, சுழன்றது, வலிப்பு வந்து விழுந்தது. அதைக் கொன்று மூளையைக் கியூஷு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். சிறுமூளைச் செல்கள் அழிந்திருந்தன. இடையில் மீன் இல்லை, கடல் இல்லை, ஐயத்துக்கு இடமும் இல்லை.

நிர்வாகம் மேற்கொண்டு சோதிக்க வேண்டாம் என்றது. முடிவு வெளியே வரவில்லை.

அந்த டிசம்பரில் இரண்டு காரியங்கள் நடந்தன. கழிவைச் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்று கோலாகலமாகத் திறக்கப்பட்டது. அது கரிமப் பாதரசத்தை நீக்குவதற்காக அமைக்கப்பட்டதே அல்ல. மாத இறுதியில், 30-ஆம் தேதி, நோயாளிகளோடு நிறுவனம் ஓர் ஆறுதல் தொகை ஒப்பந்தம் செய்தது. இறந்தவருக்கு 3,00,000 யென், உயிரோடிருக்கும் பெரியவருக்கு ஆண்டுக்கு 1,00,000 யென், குழந்தைக்கு 30,000 யென். ஆலைக் கழிவுதான் காரணம் என்று பின்னால் தெரியவந்தாலும் மேற்கொண்டு எதுவும் கேட்கக் கூடாது என்று அதில் ஒரு விதி. இந்த விதியை எழுதியவர்களின் கையில் 400-ஆம் எண் பூனையின் முடிவு இருந்தது. கையெழுத்திட்டவர்களின் கையில் இல்லை. 1973 மார்ச் 20 அன்று குமமோட்டோ மாவட்ட நீதிமன்றம் இந்த ஒப்பந்தம் நல்லொழுக்கத்துக்கு எதிரானது, செல்லாது என்று தீர்ப்பளித்தது.

மறைத்ததன் விலை மினமாட்டாவோடு நிற்கவில்லை. 1965-இல் வெகு தொலைவில், நீகாட்டா மாகாணத்தில், அகானோ ஆற்றங்கரை மக்களுக்கு அதே நோய் வந்தது. ஆற்றின் மேற்புறம் ஷோவா டென்கோ நிறுவனத்தின் ஆலை இருந்தது. அங்கும் அசெட்டால்டிஹைடு, அங்கும் பாதரச வினையூக்கி. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பூனையின் மூளை சொன்னதை வெளியே சொல்லியிருந்தால் நாட்டிலுள்ள எல்லா அசெட்டால்டிஹைடு ஆலைகளின் வடிகாலையும் பார்த்திருப்பார்கள்.

1970-இல் புற்றுநோயால் மருத்துவமனைப் படுக்கையில் இருந்த ஹோசோகாவா, நோயாளிகள் நிறுவனத்தின்மேல் தொடுத்திருந்த வழக்கில் பூனைச் சோதனையைப் பற்றிச் சாட்சியம் அளித்தார். சில மாதங்களில் இறந்தார். அவர் அவ்வளவு காலம் மௌனமாக இருந்ததை மன்னிக்க முடியாது என்பவர்கள் உண்டு. அவர் வாய் திறந்ததால்தான் வழக்கு நிமிர்ந்தது என்பவர்களும் உண்டு. இரண்டும் சரி என்றே எனக்குப் படுகிறது.

நஞ்சுக்கொடி

1950-களின் நடுவில் மினமாட்டாவில் பிறந்த பல குழந்தைகளுக்குக் கழுத்து நிற்கவில்லை. தவழவில்லை, பேசவில்லை, விழுங்கச் சிரமப்பட்டார்கள். மூளைமுடக்குவாதம் என்று எழுதிவைத்தார்கள். அவர்கள் மீனே உண்ணாதவர்கள். ஆகவே மினமாட்டா நோயாக இருக்க முடியாது என்பது மருத்துவர்களின் தர்க்கம். அதன் பின்னால் அந்நாளைய மருத்துவம் உறுதியாக நம்பிய ஒரு கருத்து இருந்தது: தாயின் உடலில் உள்ள நஞ்சைக் கருவுக்குப் போகவிடாமல் நஞ்சுக்கொடி தடுத்துவிடும்.

ஹராதா மசசூமி என்ற இளம் மருத்துவர் 1961-இல் ஒரு வீட்டில் இரண்டு சகோதரர்களைக் கண்டார். இருவருக்கும் ஒரே அறிகுறிகள். அண்ணனுக்கு மினமாட்டா நோய், தம்பிக்குப் பிறவிக் குறை என்றார் தாய். மருத்துவர்கள் அப்படித்தான் அவரிடம் சொல்லியிருந்தார்கள். ஆனால் தாய் அதை நம்பவில்லை. இவன் வயிற்றில் இருக்கும்போது நான் மீன் உண்டேன், அந்த நஞ்சு இவனுக்குத்தான் போயிருக்கிறது என்பது அவருடைய எண்ணம். அவருக்கோ நோய் அவ்வளவாக இல்லை. படித்தவர்கள் நஞ்சுக்கொடியைக் காவல் என்று நம்பியபோது, அது வழி என்று கண்டவர் அந்தத் தாய். 1962 நவம்பரில் 16 குழந்தைகள் பிறவி மினமாட்டா நோயாளிகளாக ஏற்கப்பட்டார்கள்.

இன்று இதன் இயக்கம் விளங்கிவிட்டது. மூளையின் காவலை ஏமாற்றிய அதே மாறுவேடம் நஞ்சுக்கொடியிலும் பலிக்கிறது. குழந்தையின் இரத்தத்தில் பாதரசத்தின் செறிவு தாயின் இரத்தத்தில் உள்ளதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலாக ஏறிவிடுகிறது. தாயின் உடலிலிருந்து நஞ்சு குறைகிறது; உருவாகிக்கொண்டிருக்கும் மூளை அதை ஏற்கிறது. வளர்ந்த மூளையில் சில இடங்களை மட்டும் அழிக்கும் நஞ்சு, கருவின் மூளையில் செல்கள் பிரிவதையும் தத்தம் இடத்துக்கு நகர்வதையும் கலைத்து முழு மூளையையும் சிதைக்கிறது. அந்த ஆண்டுகளில் மினமாட்டாவில் பிறந்தவர்களில் ஆண் குழந்தைகளின் விகிதமே குறைந்தது. ஆண் சிசுக்கள் கருவிலேயே அதிகம் இறந்தன.

இதற்கான சான்று கிடைத்த இடம் என் நெஞ்சை உலுக்குகிறது. குழந்தையின் தொப்புள்கொடியைக் காயவைத்துச் சிறு மரப்பெட்டியில் பத்திரப்படுத்துவது ஜப்பானிய வழக்கம். ஹராதா வீடு வீடாகச் சென்று அந்தப் பெட்டிகளைக் கேட்டு வாங்கினார். காய்ந்து சுருங்கிய அந்தத் துண்டுகளில் மெத்தில் பாதரசத்தை அளந்து, குழந்தை பிறந்த ஆண்டோடு வரிசைப்படுத்தினார்கள். ஆலையில் அசெட்டால்டிஹைடு உற்பத்தி ஏறிய ஆண்டுகளில் கொடிகளில் பாதரசம் ஏறியிருந்தது. உற்பத்தி இறங்கியபோது இறங்கியிருந்தது. ஆலையின் கணக்கேட்டை அந்தத் தாய்மார்கள் தம்மையறியாமல் பெட்டிகளில் பாதுகாத்து வைத்திருந்தார்கள்.

கடலடிச் சேறு

பாதரச வினையூக்கியைப் பயன்படுத்திய அசெட்டால்டிஹைடு உற்பத்தி 1968 மே மாதம் மினமாட்டாவில் நின்றது. செய்முறை பழையதாகிப் போனதால் நின்றது. நான்கு மாதம் கழித்து, செப்டம்பர் 26 அன்று, ஆலைக் கழிவே நோய்க்குக் காரணம் என்று அரசு முதன்முறையாக ஏற்றது. அதன் பிறகு ஏற்பதற்கு இழப்பு எதுவும் இருக்கவில்லை.

1974-இல் நஞ்சேறிய மீன்கள் வெளியே போகாதபடி விரிகுடாவின் வாயில் வலை கட்டினார்கள். 1997-இல்தான் அதை எடுத்தார்கள். 1977 முதல் 1990 வரை, 25 பி.பி.எம்.-க்கு மேல் பாதரசம் இருந்த சேற்றைத் தோண்டி எடுத்து, எஃகுத் தகட்டு அரண்களுக்குள் கொட்டி மூடினார்கள். சுமார் 15 லட்சம் கன மீட்டர் சேறு. செலவு ஏறத்தாழ 4,850 கோடி யென். விரிகுடாவில் 58 ஹெக்டேர் நிலமாகியது. அதன்மேல் இன்று பூங்கா இருக்கிறது. பாதரசம் அதன் அடியில்தான் இருக்கிறது, அழிக்கப்படவில்லை.

1988-இல் நிறுவனத்தின் முன்னாள் தலைவருக்கும் ஆலை மேலாளருக்கும் எதிரான குற்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2004-இல் அரசுக்கும் பொறுப்பு உண்டு என்றது. குமமோட்டோ, ககோஷிமா மாகாணங்களில் அதிகாரபூர்வமாக நோயாளிகள் என்று ஏற்கப்பட்டவர்கள் 2,200-க்கு மேல்; அந்த வரையறைக்குள் வராமல் வெவ்வேறு நிவாரணத் திட்டங்களில் சேர்ந்தவர்கள் பல்லாயிரம் பேர். 2013 அக்டோபரில் பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கை குமமோட்டோவில் ஏற்கப்பட்டு மினமாட்டாவின் பெயரையே பெற்றது. 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. 2023 செப்டம்பரில் ஒசாகா மாவட்ட நீதிமன்றம், நிவாரணம் மறுக்கப்பட்ட 128 பேரையும் மினமாட்டா நோயாளிகள் என்று அறிவித்தது.

கருவிலேயே நஞ்சை ஏற்ற அந்தக் குழந்தைகள் இப்போது எழுபது வயதை ஒட்டி இருக்கிறார்கள். இளமையில் நடந்தவர்கள் சிலர் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார்கள். சோறு ஊட்டிய பெற்றோர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை.